கையெழுத்தில்லாத மனு

கம்ப்யூட்டர் திரையை ரியாஸ் ஜெபசெல்வியின் பக்கமாகத் திருப்பி வைத்தான். போன வாரம் வரை அவள் விண்ணப்பத்துக்கு நேரே இருந்த கட்டம் பச்சையாக இருந்தது. இப்போது ஆரஞ்சு. அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அவள் எட்டாவது வரை படித்தவள். உதடுகள் அசைய மெதுவாகப் படித்தாள். 'ஆட்சேபணை வரப்பெற்றுள்ளது. கள ஆய்வுக்குப் பின் பரிசீலிக்கப்படும்.'

"யாரோ உங்களுக்குக் கரண்ட் குடுக்க வேணாம்னு எழுதிப் போட்டுகிறாங்கக்கா," என்றான் ரியாஸ். பழவேற்காடு பஜாரில் மீன் மார்க்கெட்டுக்குப் போகும் சந்தில் அவனுடைய இ-சேவை மையம் இருந்தது. அவளுடைய விண்ணப்பத்தை ஏற்றியவன் அவன்தான். வீட்டு வரி ரசீதையும் ஆதாரையும் கவர்மெண்ட் வீடு அவள் பேரில் ஒதுக்கப்பட்ட உத்தரவையும் ஒன்றொன்றாக ஸ்கேன் செய்தபோது, எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு மாசத்தில் வந்துவிடும் என்று சொல்லியிருந்தான். இப்போது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "யாருன்னு இதுல வராதுக்கா. ஆபீஸ்ல போய்க் கேட்டுப் பாருங்க."

"கேக்கணுமா தம்பி. எனக்குத் தெரியாதா," என்றாள் ஜெபசெல்வி.

பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் மீன் கூடைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஏரியில் தண்ணீர் வற்றிச் சேறு பளபளத்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் மனசில் அனிதாவின் முகம்தான் இருந்தது. போன வியாழக்கிழமை அனிதா கோயிலுக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு பஜாருக்குப் போனாள். இவளைப் பார்த்ததும் கையிலிருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அன்றைக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பையின் வாயில் ஒரு நீளமான கவர் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அனிதா அவளுடைய ஓரகத்தி. மாமனாரின் மனையில் முன்பாதியில் மூத்தவன் பால்ராஜும் அனிதாவும் இருந்தார்கள். பின்பாதியில் இளையவன் பெலிக்ஸும் ஜெபசெல்வியும் இருந்தார்கள். பின்னால் கவர்மெண்ட் வீடு கட்டி முடித்தபோது அண்ணன் வீட்டு மீட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொண்டார்கள். ரெண்டே மாசத்துக்கு என்றுதான் பேச்சு. அடுத்த வருஷமே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. ரெண்டு பேரும் பாதிப்பாதியாக வைத்திருந்த ஃபைபர் படகை பெலிக்ஸ் முகத்துவாரத்தில் மணல் திட்டின்மேல் ஏற்றிவிட்டான். அலை அடித்து என்ஜின் கடலுக்குள் போனது. கரையில் அத்தனை பேர் பார்க்க பால்ராஜ், "நைனா உயிரோட இருந்திருந்தா உன்னைப் படகுல கால் வைக்க விட்டிருக்க மாட்டாரு," என்றான். அதுதான் அண்ணன் தம்பியிடம் பேசிய கடைசி வார்த்தை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. பெலிக்ஸ் வேறு ஆளின் படகில் ஏரிக்குப் போகிறான். ஒயர் மட்டும் அப்படியே இருந்தது. அண்ணன் அறுக்கவில்லை, தம்பி கழற்றச் சொல்லவுமில்லை.

ஜெபசெல்விக்குத் தனி இணைப்பு வேண்டியிருந்தது ஒரு ஃப்ரீசர் பெட்டிக்காக. பெலிக்ஸ் கொண்டுவரும் இறாலையும் நண்டையும் கரையிலேயே, வெயில் ஏறுவதற்குள், வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. வைத்து விற்க வழியில்லை என்று வியாபாரிக்கும் தெரியும். பொன்னேரியில் மூடிவிட்ட ஐஸ்கிரீம் கடையிலிருந்து பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். முதல்முதலாக ஏழு கிலோ இறாலை உரித்துப் பை போட்டு அடுக்கிவிட்டு, மறுநாள் காலையில் ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. பெட்டிக்குள் இளஞ்சூடாகத் தண்ணீர் நின்றது. அன்றைக்குக் காற்று பலமாக இருந்ததால் பெலிக்ஸ் ஏரிக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தான். "தூங்கிட்டேன். ஃப்யூஸ் போயிருக்கும்," என்றான். முன்வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததை ஜெபசெல்வி பார்த்தாள். ஏழு கிலோவையும் மணலில் குழி தோண்டிப் புதைக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். இனி எவள் கையிலும் தன் ஸ்விட்ச் இருக்கக் கூடாது.

ரியாஸ் சொன்ன மறுநாள் கரண்ட் ஆபீசுக்குப் போனாள். உதவிப் பொறியாளர் சின்ன வயதுப் பெண். ஃபைலைத் தேடி எடுத்து அமைதியாகப் பேசினாள்.

"பேர் இல்லாம, கையெழுத்து இல்லாம வந்திருக்கும்மா. இதை வெச்சு நாங்க நிறுத்த மாட்டோம். ஆனா உங்க வீட்டுக்குப் புதுசா ஒரு கம்பம் போடணும். அது எல்லையில வருது. இதுல அண்ணன் தம்பிக்குள்ள பங்குத் தகராறுனு எழுதியிருக்கு. அதனால ஒரு தடவை ஆள் வந்து பாத்துடுவாங்க. அப்படி எதுனா தகராறு இருக்குதா?"

"இடத்துல ஒண்ணும் இல்ல மேடம். மனசுலதான்."

அந்தப் பெண், வருகிற வெள்ளிக்கிழமை லைன்மேன் வருவார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வரை ஜெபசெல்வி முன்வீட்டைக் கவனித்தபடி இருந்தாள். அனிதா வாசல் பெருக்கும்போது துடைப்பம் தன் பக்கம் வரும்போது மட்டும் வேகமாக விழுவது போலத் தெரிந்தது. குழாயடியில் நாலு பெண்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. பால்ராஜ் கருவாடு காயப்போட வந்தால், ஒயர் இறங்குகிற சுவரை நிமிர்ந்து பார்க்கிறானா என்று ஜன்னலோரம் நின்று பார்த்தாள். ஒருநாள் அவன் நிஜமாகவே நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

பெலிக்ஸ் வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள். அவன் கை ஒரு கணம் நின்றது.

"விட்டுடேன். இப்ப இன்னா அவசரம்," என்றான்.

"அவசரமா? மொட்டைக் கடுதாசி போட்டுகிறாங்க. நீ இன்னான்னா விட்டுடுன்ற."

"யாரு போட்டாங்கனு நீ பாத்தியா?"

"பாக்கணுமா? குடியிருக்குறது நாம ரெண்டு வீடுதான்."

அவன் பாசியை உதறி மணலில் போட்டான். அண்ணனுக்குப் பயப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். என்ஜினைத் தொலைத்த நாளிலிருந்து இவனுக்கு முதுகு நிமிரவில்லை என்று நினைத்தாள். அவன்மேல் இரக்கமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

வியாழக்கிழமை காலை குழாயடியில் அனிதாவும் அவளும் தனியாக நிற்கும்படி ஆனது. குடம் நிறையும் வரை பொறுத்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்த பிறகு பொறுக்க முடியவில்லை.

"எறாவை அழுக வெச்சது போதாதுனு கரண்டையும் நிறுத்தப் பாக்கறியாக்கா?"

அனிதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் குடத்தைக் கீழே வைத்தாள். அவள் சண்டைக்கு வருவாள் என்று ஜெபசெல்வி எதிர்பார்த்தாள். அனிதா குரலை உயர்த்தவில்லை.

"கடுதாசி போட எனக்கு எழுதத் தெரியணும்ல. பாங்குலயே கைநாட்டு வெக்கறவ நான், உனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரரு, உங்க மாமா, கையெழுத்து போடுவாரு, அவ்ளோதான் அவருக்கு வரும். உன் வீட்டு லைனை ஆஃப் பண்ணது நான்தான். இல்லைனு சொல்லல. உன் பொட்டி ஓட ஆரம்பிச்ச மறுநாளே சுவத்துல ஒயரு பொறி பறந்துச்சு. எங்க கூரையில ஓலை கீது. பயந்துகினு ஆஃப் பண்ணேன். பண்ண கையோட உன் வீட்டுக்கு ஓடியாந்து உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பொட்டியில எதுனா இருந்தா எடுத்து ஐஸ்ல போடுங்கனு சொன்னேன். நான் பாத்துக்கறேன்னாரு. அப்புறம் உங்க மாமாதான் மேல ஏறி டேப் சுத்துனாரு. பயம் போவாம நான் ராத்திரிதான் திரும்ப ஆன் பண்ணேன். சொல்லலையா அவரு?"

ஜெபசெல்வி இடுப்பில் குடம் இருந்ததே மறந்துபோய் நின்றாள். அனிதா தன் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். நாலடி போய்த் திரும்பி, "மூணு வருசமா ஒரு வார்த்தை பேசாம, இன்னைக்குப் பேசுன வார்த்தையைப் பாரு," என்றாள்.

அன்று முழுக்க ஜெபசெல்வி அந்தப் பேச்சையே உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யாக இருக்கலாம். அனிதா சாமர்த்தியக்காரி. ஆனால் சுவரில் போய்ப் பார்த்தபோது ஒயர் இறங்குகிற இடத்தில் கறுப்பாகப் புகைக்கறை இருந்தது. அதற்கு மேல் புது டேப் ஒழுங்காக, நெருக்கமாக, வலை முடிகிறவன் கைக்கே வருகிற சீரோடு சுற்றப்பட்டிருந்தது. பெலிக்ஸ் தூங்கிவிட்டேன் என்றது நினைவுக்கு வந்தது. தூங்கியவனிடம் அனிதா எப்படிச் சொல்லியிருப்பாள்? அவன் ஏன் மறைத்தான்? மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த புருஷனின் முகத்தை, ஏதோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷமாக அப்படித்தான் வைக்கிறான். இன்று அதுகூட அவளுக்கு எதையோ மறைக்கிற வேலையாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை லைன்மேன் தருமலிங்கம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நீண்ட டேப்பைப் பிடிக்க அவளையே ஒரு முனையில் நிற்கச் சொல்லித் தெருக்கம்பத்திலிருந்து அளந்தார். பால்ராஜ் வலை காயப்போடும் மணலின் ஓரத்தில் குதிகாலால் ஒரு குழி போட்டு, "போஸ்ட் இங்கதாம்மா வரும். முன்வீட்டுக்காரர் வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா போதும்," என்றார். பால்ராஜ் கடலுக்குப் போயிருந்தான். பெலிக்ஸும் ஏரியிலிருந்து வரவில்லை.

ஃபைலில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தேடியபோது அந்த மனு மேலே வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். தருமலிங்கம் அதை மறைக்கவில்லை. "இதான் அது. பேரில்லாத கடுதாசியை நாங்க பெருசா எடுத்துக்கறதில்ல," என்றார்.

ஜெபசெல்வி ஓரமாக எட்டிப் பார்த்தாள். எழுத்துகள் நிமிர்ந்து, தனித்தனியாக, யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காகவே சிரமப்பட்டு எழுதியவை போல இருந்தன. இரண்டாம் வரியில் அவள் பெயர் வந்தது. 'ஜெபச்செல்வி பெயரில் கரண்ட் கொடுக்கக் கூடாது.'

நடுவில் ஒரு 'ச்'.

ரேஷன் கார்டில், ஆதாரில், வரி ரசீதில், எதிலும் அந்த 'ச்' கிடையாது. பள்ளிக்கூடத்திலும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அவள் பெயரை அப்படி எழுதுவான். கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தபோதே அப்படித்தான் எழுதினான். அச்சாகி வந்ததைப் பார்த்து அவள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அழுத்திச் சொன்னால்தான் பெயருக்கு அழகு என்று அவன் சாதித்தான். அந்தப் பத்திரிகை ஒன்றை அவள் பெட்டிக்கு அடியில் இன்னும் வைத்திருந்தாள்.

"இன்னாம்மா, கையெழுத்துப் போடுங்க," என்றார் தருமலிங்கம். போட்டாள்.

பெலிக்ஸ் வந்து குளித்து, சாப்பிட்டு, பாயில் சாய்ந்தான். அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

"ஆபீஸ்ல ஒரு லெட்டர் கேக்கறாங்க. என் கை ஒரு மாதிரி நடுங்குது. என் பேரை மட்டும் எழுதிக் குடு."

அவன் எழுந்து உட்கார்ந்து, தாளைத் தொடையில் வைத்து எழுதினான். எழுதி முடித்து நிமிர்ந்தவன் அவள் பார்வை எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்தான். தானும் அதைப் பார்த்தான். பேனாவை மூடினான். வெளியே யாரோ படகை மணலில் இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்?" என்றாள்.

அவன் தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுத்தப்புறம் அவன் நம்ம பங்கைக் கட்டச் சொல்லி கரண்ட் பில்லுச் சீட்டைக் கொண்டாந்து நம்ம வாசல்ல வெப்பான், பாத்துகிறியா? மேல ஒரு கல்லு வெப்பான், காத்துல போவாம. அனிதாவை அனுப்ப மாட்டான். அவனேதான் வருவான். கூப்பிட மாட்டான், வெச்சுட்டுப் போயிடுவான். நான் உள்ள நின்னு பாப்பேன். இந்தக் கரண்ட் தனியா வந்துட்டா அவன் எதுக்கு இந்த வாசலுக்கு வரப்போறான்?"

"அன்னைக்கு எறா?"

"அனிதா வந்து சொன்னா. உடனே ஐஸ் வாங்கத்தான் கெளம்பினேன். அதுக்குள்ள அவன் ஏணி போட்டு நம்ம சுவத்துல ஏறிட்டான். டேப் சுத்திகினு இருந்தான். ஜன்னலுக்கு நேரா அவன் காலு ரெண்டும் தெரிஞ்சிது. குதிகாலு நைனாவுக்கு மாதிரியே வெடிச்சிருந்துச்சு. பாத்துகினே நின்னுட்டேன் செல்வி. எறா ஞாபகமே வரல. அப்புறம் இன்னானு உன்கிட்ட சொல்றது?"

அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டு, குழாயடியில் போய் நின்று, வாயில் வந்ததைப் பேசி, ராத்தூக்கம் கெட்டு அலைந்தது எல்லாம் இவன் ஒரு ஆளின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காகவா?

"உனக்கு அண்ணன் வேணும்னா போய்ப் பேசு. என் பேரை வெச்சுப் பொய் எழுதாத," என்றாள். கொஞ்சம் கழித்து, "போஸ்டு அவரு இடத்துலதான் வருது. அவரு வாயால சரினு சொல்லணுமாம். நீயே போய்க் கேளு," என்றாள்.

அவன் தலையாட்டினான். ஆனால் போகவில்லை. சனி போனது, ஞாயிறு போனது. கோயிலில் அண்ணன் இடது வரிசையிலும் தம்பி வலது வரிசையிலும் முழங்காலிட்டார்கள். திங்கட்கிழமை பெலிக்ஸ் இரண்டு முறை வாசல் வரை போய் நின்றுவிட்டு, எதையோ மறந்துவிட்டவன் போலத் திரும்பி வந்தான். செவ்வாய்க்கிழமை அவன் ஏரிக்குப் போன பிறகு ஜெபசெல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள்.

பால்ராஜ் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். அனிதா அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஜெபசெல்வி நின்றபடியே கம்பத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"போட்டுக்கச் சொல்லு," என்றான்.

இவ்வளவு சுலபமாக வந்த வார்த்தையை அவளால் நம்ப முடியவில்லை. இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினாள். ஒருவேளை ஒயர் எப்போது போகும் என்று காத்திருந்தவனா இவன்? அப்படியானால் உள்ளே நின்று ஜன்னல் வழியே பார்க்கிற பெலிக்ஸிடம் இதை எப்படிச் சொல்வது? திரும்ப எத்தனித்தபோது பால்ராஜ் மறுபடி பேசினான்.

"அவன் கேக்கச் சொன்னானா?"

ஈயக் குண்டு அவன் விரல்களுக்கிடையில் அசையாமல் நின்றது. இப்போதும் தலை நிமிரவில்லை.

"ஆமா மாமா," என்றாள் ஜெபசெல்வி. "அவருதான் போய்க் கேட்டுட்டு வானு அனுப்புனாரு."

பால்ராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை நம்பியதா, பொய் என்று கண்டுகொண்டதா என்று வீடு வந்து சேரும் வரை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் மறுபடி ஈயம் கோக்கத் தொடங்கியது மட்டும் தெரிந்தது. பெலிக்ஸிடம், "அண்ணன் சரினுட்டாரு," என்று மட்டும் சொன்னாள். நீ அனுப்பியதாகச் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. அவன் முகம் சுருங்கிப்போனது.

கம்பம் வந்த அன்று காற்று இல்லாமல் வெயில் அப்படியே நின்றது. டிராக்டர் தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரமுடியாமல் மணலில் புதைந்தது. தருமலிங்கத்தோடு வந்த மூன்று ஆட்கள் முதலில் குழி தோண்டினார்கள். இடுப்பளவு போவதற்குள் கீழிருந்து தண்ணீர் ஊறியது, நாலு பக்கமும் மணல் சரிந்து விழுந்தது. தோண்டத் தோண்ட வாய்தான் அகன்றது, ஆழம் போகவில்லை. "அடி இல்லாத ட்ரம் ஒண்ணு இருந்தா எறக்கிடலாம்," என்றார் தருமலிங்கம்.

பால்ராஜ் வீட்டுக்குள் போய், மீனுக்கு உப்புப் போட வைத்திருந்த நீல ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அடியை ரம்பத்தால் அறுத்தான். ட்ரம்மைக் குழிக்குள் இறக்கி, தானும் அதற்குள் இறங்கி மணலைத் தோண்டி ஆழமாக்கி, வாளியால் தண்ணீரை மொண்டு மேலே நீட்டினான். ஆட்களில் ஒருவன் வாங்கி ஊற்றினான். ஊற்ற ஊற்றத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

ஏரியிலிருந்து வந்த பெலிக்ஸ் கையில் துடுப்போடு சற்றுத் தள்ளி நின்றான். ஜெபசெல்வி வாசலில் ஆட்களுக்கு மோர் கலந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பெலிக்ஸ் துடுப்பை மணலில் வைத்துவிட்டுக் குழியருகே போனான். அடுத்த வாளி மேலே வந்தபோது அந்த ஆளுக்கு முன்னால் அவன் கை நீண்டு அதைப் பிடித்தது. குழிக்குள் பால்ராஜின் தலை மட்டும் தெரிந்தது. வாளியின் பிடியை அவன் உடனே விட்டுவிடவில்லை. நிமிர்ந்து ஏதோ சொன்னான், தாழ்ந்த குரலில், நாலைந்து வார்த்தைதான் இருக்கும். வாசலுக்குக் கேட்கவில்லை.

பெலிக்ஸ் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான்.

நீதான் அவளை அனுப்பினியா என்று கேட்டிருப்பானோ என்று ஜெபசெல்விக்குத் தோன்றியது. கண்ணைத் தாழ்த்தவும் முடியவில்லை, எதிர்கொள்ளவும் முடியவில்லை. மோர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். அவன் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குழிக்குள் குனிந்து அவனும் ஏதோ சொன்னான். அதுவும் கேட்கவில்லை. வாளியைக் கைமாற்றித் தூர ஊற்றினான். மணல் அதை உறிஞ்சி ஒரு வட்டமாகக் கறுத்தது. குழிக்குள்ளிருந்து அண்ணனின் ஈரக் கை, வெறும் கை, மேலே நீண்டு காத்திருந்தது.